மருதை வைத்திருந்த கத்தி

காதர் பாய் கடைத் தராசில் கிடந்தபோது அதைக் கத்தி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சுண்ணாம்புச் சேறு அப்பி வெயிலில் காய்ந்து, வேகவைத்த கருணைக்கிழங்கு மாதிரி ஒரு கட்டி. அதில் கோத்தபடி கறுத்துப்போன ஒரு சங்கிலி. பக்கத்தில் வளைந்த கடப்பாரைத் துண்டும், ஓட்டை விழுந்த இரும்புச் சட்டி ஒன்றும்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாய் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். டவுனுக்குப் போகிற அன்றெல்லாம் நான் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். போன வாரம் இந்தத் தொடரில் சொன்ன, நான் வேலை பார்த்த பருத்தி மண்டி இருந்த தெருவுக்கு அடுத்த தெருதான்.

"வந்துட்டாரு கத்திக்காரரு," என்றார் பாய். "நீங்க வந்தாலே என் தராசுல வெயிட்டு கொறஞ்சு போவுது."

"ரொம்பப் பேசாதீங்க பாய். போன தடவ கத்தின்னு நீங்க குடுத்தது பொட்டிப் பூட்டோட நாக்கு."

"அதையும் மண்ணெண்ணெயில ஊறப் போட்டு வெச்சிருந்தீங்களாமே. ஒங்க பொண்ணு சொல்லிச் சிரிச்சுச்சு."

இரும்பு கொண்டு வந்தவன் ஒரு இளவட்டம். பிரபு என்று பெயர். ஜேசிபி ஓட்டுகிறவன். கடை வாசலில் சாய்ந்து நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

"எங்க கெடச்சுது தம்பி இது?"

"கல்லுக்குழியில தாத்தா. அரியலூர் போற வழியில பழைய சுண்ணாம்புக் குழி ஒண்ணு தண்ணி நின்னு கெடக்குல்ல. தண்ணிய எறச்சுட்டு, சரிஞ்சு கெடக்குற மண்ண அள்ளச் சொன்னாங்க. அடி மண்ணுல பக்கெட்டுல மாட்டிக்கிட்டு வந்துச்சு."

"வேற என்ன வந்துச்சு?"

"எலும்பு வந்துச்சு. மாட்டெலும்பு. பள்ளத்துல மாடு விழுவும்ல." அடுத்த பஜ்ஜியைக் கடித்தான்.

பாய் அந்தக் கட்டியைத் தராசிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் பகை வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பாய்க்கும் அப்படித்தான். இத்தனை வருசப் பழக்கத்தில் ஒரு கத்தியைக்கூட அவர் என் கையில் கொடுத்ததில்லை.

அதை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். குன்னம் பக்கத்தில் ஒரு பெண், தன்னை விட்டு ஓடிப்போன புருசன் பேரில் கோயிலில் காசு வெட்டிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பதும், அவள் வெட்டிப் போட்டதை எடுக்க முடியுமா முடியாதா என்கிற வழக்கு என் மடியில்தான் இருக்கிறது என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

சாக்கு வாயில் தொடங்கியது

கத்தி எப்படி எனக்குப் பிடித்தது என்று கேட்பார்கள். மண்டியில் என் வேலை சாக்கு பிரிப்பது. பருத்தி வந்து இறங்கினால் சாக்கு வாயில் சணல் தையல் இருக்கும். தையலை அறுக்க வேண்டும், சாக்கு கிழியக் கூடாது. சாக்கு கிழிந்தால் கணக்குப்பிள்ளை பருத்தியை விட்டுவிட்டு என் பரம்பரையைப் பிரிப்பார். அதற்கு நல்ல மடக்குக் கத்தி வேண்டும். அப்படி ஒன்று இடுப்பில் வந்தது. அது தேய்ந்து இன்னொன்று. பிறகு தேயாமலே இன்னொன்று.

வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறையக் கத்தி சேர்ந்ததும் என் மனைவி சொன்னாள்: "மத்தவன் பொண்டாட்டிக்கு நகை சேக்கறான். நீ என்னைய என்ன பண்ணலாம்னு சேக்கற?" அவள் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி மட்டும் புதிதாக இருக்கிறது.

எனக்கு எழுத்து தெரியாது. இந்தத் தொடரையே நான் சொல்லச் சொல்ல மகள் தேவகிதான் எழுதுகிறாள். ஆனால் கத்தியின் அலகு மடங்குகிற இடத்தில் அடித்திருக்கிற முத்திரையை நான் முகம் பார்க்கிற மாதிரி பார்ப்பேன். ஒரு முத்திரையை ஒரு தடவை பார்த்தால் போதும். சந்தைக் கூட்டத்தில் சொந்தக்காரனை அடையாளம் காண்கிற மாதிரிதான். முத்திரையை தேவகி போனில் படம் பிடித்துத் தேடி, இங்கிலாந்து, ஜெர்மனி, பஞ்சாப் என்று சொல்லுவாள்.

செய்த ஊரைப் போன் சொல்லிவிடும். வைத்திருந்த ஆளை அது சொல்லாது. அதைக் கத்தியிடம்தான் கேட்க வேண்டும். அலகு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வைத்திருந்தவன் இடது கைக்காரனா வலது கைக்காரனா என்று தெரியும். பாக்கு சீவினவன் கத்தியில் கறை ஒரு மாதிரி, புகையிலை நறுக்கினவன் கத்தியில் வேறு மாதிரி.

ஒரு தடவை கொக்கி வைத்த கத்தி ஒன்று கிடைத்தது. அந்தக் கொக்கி எதற்கு என்று தெரியாமல் ரொம்ப நாள் முழித்தேன். காது குடையவா, கிணற்றில் விழுந்த சாவி எடுக்கவா? கடைசியில் ஜட்கா வண்டி ஓட்டின ஒரு கிழவர் பார்த்த உடனே குதிரைக் குளம்பில் மாட்டின கல்லை எடுக்கிறது என்றார். அதைச் சொல்லிவிட்டு, வண்டியை விற்ற அன்றைக்குக் குதிரை தன்னைத் திரும்பிப் பார்த்த கதையை ஆரம்பித்தார். இருட்டிய பிறகுதான் என்னை விட்டார். நான் சொல்ல வந்தது அந்தக் கதை இல்லை. சேற்றுக் கட்டிக்கு வருகிறேன்.

புளி போட்டுத் தேய்த்தேன்

மண்ணெண்ணெயில் ஊறி, சேறு கரைந்து, கத்தி வெளியே வந்தது. மடக்கின நிலையிலேயே துருப்பிடித்து இறுகியிருந்தது. பிடி கொம்பு. கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து அலகைத் திறந்தேன். வெளியே தெரிந்த முதுகு அரித்துப் போயிருந்தாலும் பிடிக்குள் ஒளிந்திருந்த பாகம் தப்பித்திருந்தது. அடியில் ஒரு முத்திரை. பிறைக்குள் ஒரு அம்பு. தேவகி போனில் தேடிப் பார்த்து, ஜெர்மனி போல இருக்கிறது என்றாள்.

ஜெர்மனிக் கத்திக்கு யாரோ நம்மூர் ஆள் கொம்புப் பிடி போட்டிருக்கிறான் என்று எனக்கு ஒரே சந்தோசம். சங்கிலியைச் சும்மா விடுவானேன் என்று புளி போட்டுத் தேய்த்தேன். கறுப்பு போகப் போக அடியில் வெள்ளையாக மின்னியது. வெள்ளி. முழுதும் தேய்த்துக் கழுவிக் கையில் தூக்கிப் பிடித்த பிறகுதான் அது என்ன என்று தெரிந்தது.

அது சங்கிலி இல்லை. ஆண்பிள்ளை இடுப்பில் போடுகிற அரைஞாண் கொடி.

கத்தி அந்தக் கொடியில் ஒரு இரும்பு வளையத்தால் கோத்திருந்தது; தேய்த்ததில் துருவேறிய வளையம் உதிர்ந்து கத்தி தனியாக வந்துவிட்டது. கொடி எங்கேயும் அறுந்திருக்கவில்லை. திருகாணி பூட்டியபடியே இறுகியிருந்தது. முழு வட்டமாக என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருவன் அரைஞாணை உயிரோடு கழற்ற மாட்டான். குளிக்கும்போதும் இருக்கும், கூழுக்கு இல்லாதபோதும் இருக்கும். செத்த பிறகுதான், பாடையில் வைப்பதற்கு முன், பங்காளி ஒருவன் அதை எடுப்பான். பூட்டின கொடி இருக்கிறது, உள்ளே இருந்த இடுப்பைக் காணோம்.

பஜ்ஜி தின்றுகொண்டே அந்தப் பையன் சொன்ன மாட்டெலும்பு ஞாபகம் வந்தது. கையிலிருந்ததை முற்றத்தில் வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினேன். தேவகி, "என்னப்பா, வெள்ளியா?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். விசயத்தைச் சொன்னதும், "பாய்கிட்டயே திருப்பிக் குடுத்துடுப்பா, நமக்கு எதுக்கு," என்றாள்.

கொடுத்திருக்கலாம். ஆனால் கத்தி யாருடையது என்று தேடியே காலத்தைக் கழித்தவன் நான். சும்மா ஆசைக்கு அத்தனையும் தேடிவிட்டு, தேட வேண்டிய ஒன்று வரும்போது விடுவதா?

கோணல் ஆணி

கொம்புப் பிடியில் மூன்று ஆணி. இரண்டு நேர்கோட்டில். மூன்றாவது மட்டும் ஒதுங்கி, கோணலாக. குடைக்கம்பியை நறுக்கி அடித்த ஆணிகள். அதை எடுத்துக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போனேன். வேப்பூரில் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். அகரம்சீகூரில் ஒருவர் தனக்கு விற்றுவிடச் சொன்னார். கடைசியாகக் குன்னத்தில் தங்கராசு ஆசாரி பட்டறை.

ஆசாரிக்கு வேலை ஓயாது. வெங்காயக் காட்டுக்குக் களைக்கொத்து, மக்காச்சோளத் தட்டை அறுக்க அரிவாள் என்று எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். என்னைப் பார்த்ததும், "வாங்க சின்னத்தம்பி, கத்தி போடணுமா, கத போடணுமா?" என்றார்.

கத்தியைக் கீழே வைத்தேன். எடுத்துத் திருப்பினார். கோணல் ஆணி மேல் கட்டை விரல் நின்றது.

"இது நான் அடிச்சது. கொம்பு பொளந்துருச்சு. பொளப்ப நிறுத்த இன்னொரு ஆணிய ஓரமா எறக்குனேன்."

"யாருக்கு?"

"மருதைன்னு ஒருத்தன். கல்லுக்குழியில வெடி வெக்கிறவன். சிமெண்ட்டு ஆலைக்கு மிசினு பூட்ட வந்த வெள்ளைக்காரன் ஒருத்தன்கிட்ட கொஞ்ச நாளு கூடமாட நின்னான். அவன் ஊருக்குப் போறப்ப குடுத்துட்டுப் போன கத்தி. பிடி ஒடஞ்சு கெடந்துச்சு. இவன் கெடாக் கொம்பு ஒண்ணக் கொண்டாந்தான். கல்யாணத்துக்கு வெட்டுன கெடா, மாமனார் வூட்டுக் கெடான்னு பெருமையாச் சொன்னான்." ஆசாரி சிரித்தார். "பொண்டாட்டிக்குப் பயந்தா கத்திய எடுத்துப் பாத்துக்கறேன் ஆசாரின்னான்."

"இப்ப எங்க அவரு?"

"ஓடிப்போயிட்டானே. கைப்புள்ளையோட பொண்டாட்டிய வுட்டுட்டு. மேஸ்திரி திருச்சியில பாத்தேன்னான். எவளோ ஒருத்தியோட."

"எப்ப இது?"

"அது ஒரு ஐப்பசி. பேய் மழை. அந்த மழையிலதான் குழி கரை சரிஞ்சுதுன்னு மூடிட்டாங்க. கூர் போட எங்கிட்ட வந்த கடப்பாரையெல்லாம் வாங்க ஆளில்லாம இங்கயே கெடந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது ஆசாரிக்கே கேட்டது. நான் மடியிலிருந்து கொடியை எடுத்துக் கத்திக்குப் பக்கத்தில் வைத்தேன். பூட்டியிருந்த திருகாணியை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த மேஸ்திரி பய, திருச்சியில பாத்தேன்னு புளுகுனானே," என்று ஆரம்பித்தார். "அவனும் செத்தான். குழியெடுத்த காண்ட்ராக்டரும் செத்தான்." பிறகு துருத்தியை நிறுத்திவிட்டு, நின்றவர்களை நாளைக்கு வரச் சொன்னார்.

வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்

மருதையின் வீடு குன்னத்திலிருந்து அரியலூர் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு ஊர். ஊர்ப் பேர் வேண்டாம். மகன் செல்வராசு வெளியே வந்தான். நாற்பதைத் தாண்டினவன், ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தான். கரும்பு ஏற்றப் போன இடத்தில் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனது என்று பிறகு தெரிந்தது.

வாசலோரம் ஒரு அம்மா சின்ன வெங்காயம் குவித்து வைத்துத் தாள் அரிந்துகொண்டிருந்தார். அவர்தான் அஞ்சலை. நான் மகனைத் தனியாகக் கூப்பிட்டு வேப்பமரத்தடியில் சொன்னேன்.

அவனுக்குக் கோபம் வந்தது. "ஒங்களுக்கு வேற வேல இல்லயா ஐயா? ஓடிப்போறவன் கத்திய வித்துட்டுப் போயிருப்பான். எவனோ வாங்கியிருப்பான். எவனோ செத்திருப்பான்."

"இருக்கலாம் தம்பி. கத்தி கை மாறும். என் பொட்டியில இருக்கறது எல்லாம் கை மாறி வந்ததுதான். ஆனா இது கை மாறல." கத்தியையும் கொடியையும் துண்டோடு தரையில் விரித்தேன். "பூட்டியே இருக்கு பாரு."

அவன் பார்த்தான். தன் இடுப்பைத் தன்னை அறியாமல் தொட்டுக்கொண்டான்.

"பள்ளிக்கூடத்துல எனக்குப் பேரே ஓடிப்போனவன் மவன்தான்," என்றான். "ஓட்டப் பந்தயத்துல நான் மொதல்ல வந்தா, ஒப்பன் மாதிரியே ஓடுறியேடான்னு வாத்தியாரே சொல்லுவாரு." பிறகு குரலை இறக்கினான். "அம்மாவுக்குச் சொல்லாதீங்க. இந்த வயசுல அதுக்குத் தாலி அறுக்கணுமா? ஸ்டேசனுக்குப் போனாலும் யாரக் காட்டறது? எல்லாம் செத்தவனுங்க."

"யாரு செத்தவனுங்க?" அஞ்சலை அம்மா எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் வெங்காயத் தாள். மகன் துண்டை மூடப் போனான். அதற்குள் குனிந்துவிட்டார். கொடியைப் பார்க்கவில்லை. கத்தியைத்தான் எடுத்தார். கொம்பைப் புடவையில் துடைத்தார்.

"எங்க வூட்டுக் கெடா," என்றார். "எங்கப்பா புடிச்சுக்கிட்டு வந்த கெடா. கொம்புல வரி இந்தப் பக்கம் சுத்தும்."

திரும்பிப் போய் வெங்காயத்துக்கு முன் உட்கார்ந்தார். அரிந்தார். ரொம்ப நேரம் அரிவாள்மனைச் சத்தம்தான். செல்வராசு என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

"அண்ணே," என்றார் அந்த அம்மா, தலை நிமிராமல். "அவரு எப்பச் செத்தாரு?"

"அந்த ஐப்பசி மழையில. வூட்ட வுட்டுப் போன அன்னைக்கேதான் இருக்கும்."

"நல்லாத் தெரியுமா?"

"குழி கரை சரிஞ்சது அந்த மழையிலம்மா. அதுக்கப்பறம் குழியில யாரும் எறங்கல. அவரு அந்த மண்ணுக்கு அடியிலதான் இருந்தாரு."

"நான் காசு வெட்டுனது அடுத்த ஆடியில," என்றார். அரிவாள்மனையை மடக்கினார். "அப்ப செத்துக் கெடந்தவரத்தான் வெட்டியிருக்கேன்."

காசு வெட்டு

எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவன் உனக்குத் துரோகம் செய்துவிட்டான், பஞ்சாயத்திலும் நியாயம் கிடைக்கவில்லை என்றால், அம்மன் கோயிலில் ஒரு காசைக் கல் மேல் வைத்து உளியால் வெட்டுவார்கள். வெட்டும்போது அவன் பேரைச் சொல்லி, அவன் எப்படிப் போக வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். இரண்டு துண்டையும் அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். அதற்குப் பிறகு அது அம்மன் வழக்கு.

எடுக்கவும் வழி உண்டு. வெட்டினவரும் வெட்டுப்பட்டவரும் சேர்ந்து போய், ஒரே தட்டில் தேங்காய் பழம் வைத்து, இரண்டு பேரும் தம் வாயால் "பொறுத்துக்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். ஒருத்தர் சொன்னால் செல்லாது. இரண்டு வாயும் சொன்னால்தான் கட்டு அவிழும்.

அஞ்சலை அம்மா வெட்டும்போது என்ன சொன்னார் என்பதை அவரே சொன்னார். "நாக்கு வறண்டு சாவணும். தூக்க நாலு பேரு வரக் கூடாது. சுடுகாட்டு மண்ணுகூடக் கெடைக்கக் கூடாது. அப்படித்தான் சொன்னேன். கைப்புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டுச் சொன்னேன்."

"நீ சொன்னதால எதுவும் நடக்கலம்மா," என்றான் செல்வராசு. "அதுக்கு முன்னாலயே செத்துட்டாரு. ஐயாதான் சொல்றாரே."

"அதாண்டா எனக்குப் பயம். செத்தவர் மேல வெட்டுனது எங்க போய் நிக்கும்? வாரிசு மேலதானே எறங்கும். ஒனக்கு இடுப்பு போச்சு. பொறந்த புள்ள ரெண்டும் தங்கல. நான் அந்த மனுசனத் திட்டிக்கிட்டே இருந்தேன், பெத்த புள்ளைய நானே வெட்டிட்டு."

"லாரியில கயிறு அறுந்துச்சு, விழுந்தேன். அதுக்கும் காசுக்கும் என்னம்மா?"

"கயிறு ஒனக்குன்னு ஏன் அறுந்துச்சு?"

அந்த வெட்டை எடுத்துவிட வேண்டும், மகன் தலையிலிருந்து அதை இறக்கிவிட்டுத்தான் தான் சாக வேண்டும். அந்த அம்மாவுக்கு வேறு எதுவும் வேண்டாம் என்றாகிவிட்டது.

நான் கிளம்புவதற்கு முன் ஒன்று கேட்டார். "அந்த மண்ண எங்க கொட்டுனாங்க அண்ணே? எலும்பு இருந்தா நாலு பேரு மாதிரி செஞ்சுடலாம்ல."

வீட்டுக்கு வந்து, பாயிடம் நம்பர் வாங்கிப் பிரபுவுக்குப் போன் போட்டேன். விசயத்தைச் சொன்னேன். அழுகிற குரலில் பேசினான். "தாத்தா, சத்தியமா மாட்டெலும்புன்னுதான் நெனச்சேன். எல்லாம் டிப்பர்ல ஏத்தியாச்சு. அரியலூர் ரோடு அகலப்படுத்துறாங்கல்ல, அதுக்குத்தான் போச்சு. மேல ஜல்லி அடிச்சு, ரோலர் ஓட்டி, தாரும் போட்டாச்சு."

"எந்த எடத்துல?"

"எந்த லோடு எங்க கொட்டுச்சுன்னு யாருக்குத் தாத்தா தெரியும்? நீளத்துக்கும் கொட்டுனாங்க."

போனை தேவகி வாங்கி வைத்தாள். அஞ்சலை அம்மாவிடம் நான் இதை மூடி மறைக்கவில்லை. கேட்டுவிட்டு, "சரி," என்று மட்டும் சொன்னார். மறுபடி பார்த்தபோது கழுத்தில் தாலி இல்லை. ஊரைக் கூட்டாமல் தானே கழற்றியிருக்கிறார்.

ரெண்டு வாய்

கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போனோம். அந்த அம்மா, செல்வராசு, நான். கத்தியும் கொடியும் அவர்களுடையது, கொடுத்துவிட்டேன். நான் எதற்கு என்று கேட்டதற்கு, "அவரு பக்கத்து ஆளுன்னு யாரு இருக்கா? நீங்க வாங்க," என்றார். யாரென்றே தெரியாத ஒரு மனிதனுக்கு அன்றைக்கு நான் பங்காளி ஆனேன்.

அம்மனுக்குக் கூரை கிடையாது. வேலும் கல்லும்தான். கல்லைச் சுற்றி வெட்டின காசுகள் மண்ணில் பாதி புதைந்து கிடந்தன. மழைக்கு மேலே வந்தவை வெயிலில் மினுமினுத்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பேர்.

பூசாரி நடுவயது ஆள். விசயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "வெட்டுனவங்க இருக்காங்க. எதிராளி இல்லையே ஆத்தா."

அந்த அம்மா கத்தியையும் கொடியையும் தட்டில் வைத்தார்.

"சாமானு பேசாது ஆத்தா. வாய் வேணும்." செல்வராசைப் பார்த்தார். "மவந்தானே? ஒப்பன் ரத்தம். அவரு எடத்துல நின்னு நீ சொல்லலாம். பேரச் சொல்லிச் சொல்லணும்."

செல்வராசு தட்டுக்கு எதிரே போய் நின்றான். சாய்ந்த இடுப்பை நிமிர்த்தப் பார்த்தான். அம்மாவுக்கு எதிரில், எதிராளி மாதிரி.

"மருதை..." என்றான். நின்றுவிட்டான். பிறகு என்னிடம் சொன்னான், பிறந்ததிலிருந்து அந்தப் பேரைத் தன் வாயால் சொன்னதில்லையாம். யார் கேட்டாலும் அம்மா பேரைத்தான் சொல்லுவானாம். மறுபடி ஆரம்பித்தான். "மருதை மவன் செல்வராசு சொல்றேன். எங்கப்பாவுக்காகச் சொல்றேன். பொறுத்துக்கிட்டேன்."

பூசாரி வேலில் இருந்த திருநீற்றை எடுத்து அவன் நெற்றியில் வைத்தார். "நல்லாருக்கு. இப்ப நீ சொல்லு ஆத்தா."

அந்த அம்மா கை கூப்பியிருந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"பொறுத்துக்கிட்டேன்னு சொல்லு ஆத்தா. அவ்வளவுதான்."

"எதப் பொறுத்துக்கிட்டேன்?"

"அவரு செஞ்சத."

"அவரு என்ன செஞ்சாரு?"

பூசாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வழக்கம் ஆத்தா. ரெண்டு வாயும் சொல்லணும். இல்லாட்டி அவிழாது."

"அவரு வேலைக்குப் போனாரு. மண்ணு விழுந்துச்சு. நான் வருவாரு வருவாருன்னு பாத்துட்டு, எவனோ சொன்னதக் கேட்டு இங்க வந்து வெட்டுனேன். இப்ப நான் பொறுத்துக்கிட்டேன்னு சொன்னா, அவரு என்னமோ தப்புப் பண்ணாரு, நான் பெரிய மனசு பண்ணி வுட்டுட்டேன்னு ஆவும்ல? இதே எடத்துல ஒருக்கா அவர் மேல பொய் சொல்லியாச்சு. இன்னொருக்கா சொல்லச் சொல்றியா?"

"அம்மா, சும்மா வாயால சொல்லும்மா," என்றான் செல்வராசு. "எனக்காகச் சொல்லும்மா. இதுக்குத்தானே வந்தோம்."

அவனைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வது. மகனுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் மகன் தலையிலிருந்து இறங்கிவிடும் என்று நம்புகிறவர். அந்த வார்த்தைதான் வாயில் வரவில்லை. அழுதார். பூசாரி, "மனசுல சொல்லிக்க ஆத்தா, அம்மன் கேட்டுக்குவா, நான் தேங்காய ஒடச்சுடுறேன்," என்று தேங்காயை எடுத்தார்.

"வெய்யி," என்றார். "ஒடைக்காத. நான் சொல்லல."

உடைக்காத தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டார். கத்தியையும் கொடியையும் துண்டில் சுற்றி மகனிடம் கொடுத்தார். "ஒன் தலையிலயே வெச்சுட்டேண்டா," என்றார். அவன் அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். யார் யாரைத் தாங்கினார்கள் என்று பின்னால் வந்த எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் மூன்று பேருக்கும் இடம் கிடைத்தது. அரியலூர் மெயின் ரோட்டில் ஏறினதும் குலுக்கல் நின்றது. அகலப்படுத்திப் போட்ட புதுத் தார். பஸ் வழுக்கிக்கொண்டு போனது. வெளியே மக்காச்சோளக் காடு காய்ந்து நின்றது.

அஞ்சலை அம்மா குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றினார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கால் இரண்டையும் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டார்.

டிக்கெட் கிழித்துக்கொண்டு வந்த கண்டக்டர் பார்த்தார். "ஏ ஆயா, செருப்ப ஏன் மடியில வெச்சிருக்க? கீழ போடு. காலத் தொங்கப் போட்டு உக்காரு, பின்னால ஆளு வருதுல்ல."

"ரோடு முடியட்டும்யா," என்றார்.